பத்தாயிரம் வோல்ட்டும் ஒரு மில்லிவோல்ட்டும்

ஆர்.பி.சி. என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் துகள் உணர்கருவியைச் செய்வது பாதிக்கு மேல் கண்ணாடி வேலை. ஜன்னலுக்குப் போடுகிற அதே கண்ணாடிதான். 3 மில்லிமீட்டர் தடிமன், ஏறக்குறைய இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் அளவு. அப்படி இரண்டு தகடுகளை எடுத்து, நடுவில் சரியாக 2 மில்லிமீட்டர் இடைவெளி நிற்கும்படி சின்னச் சின்ன பாலிகார்பனேட் பொத்தான்களை ஒட்டி, நான்கு ஓரங்களையும் பசையால் அடைத்து, மூலைகளில் வாயு உள்ளே போகவும் வெளியே வரவும் மூக்கு வைக்க வேண்டும். வெளிப்பக்கம் இரண்டிலும் கிராஃபைட் பெயின்ட் அடிப்போம். அந்தப் பெயின்ட்டில்தான் மின்னழுத்தம் ஏறும். ஒரு பக்கம் பிளஸ், மறுபக்கம் மைனஸ், இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 10,000 வோல்ட்.

பெயின்ட்டுக்கு மேலே மைலார் தாள். அதற்கும் மேலே 3 சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் செப்புப் பட்டைகள். ஒரு பக்கத்துப் பட்டைகள் நீளவாக்கில், எதிர்ப்பக்கத்துப் பட்டைகள் குறுக்கே. வானத்திலிருந்து வரும் மியூவான் என்னும் துகள் ஒன்று கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு போகும்போது, நடுவிலுள்ள வாயுவில் சில எலெக்ட்ரான்களைப் பிய்த்துவிடுகிறது. அவை உயர் அழுத்தத்தில் முடுக்கம் பெற்று மேலும் பலவற்றைப் பிய்க்கின்றன. சில நானோ விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். அந்த எலெக்ட்ரான்கள் செப்புப் பட்டையை ஒருபோதும் தொடுவதில்லை. நடுவில் கண்ணாடி இருக்கிறது, மைலார் இருக்கிறது. மின்னூட்டம் நகர்ந்தது என்ற செய்தி மட்டும் பட்டையில் ஒரு துடிப்பாகத் தூண்டப்படுகிறது. அதன் உயரம் ஒன்றிரண்டு மில்லிவோல்ட். பத்தாயிரம் வோல்ட் ஏற்றிய பொருளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு அந்த ஒரு மில்லிவோல்ட்டைப் பிரித்தெடுப்பதுதான் என் தொழில்.

நான் சமயநல்லூர்க்காரன். படித்தது எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. மதுரையில் நியூட்ரினோ என்னும் துகளின் ஆய்வுக்கான மையம் வந்ததால் இந்த வேலைக்குள் வந்தேன். மையத்தின் பெயர் ஐ.ஐ.சி.எச்.இ.பி.; உயர் ஆற்றல் இயற்பியலுக்கானது. அங்கே முதலில் 2 மீட்டர் ஆர்.பி.சி.களை ஒன்றன்மேல் ஒன்றாக 12 அடுக்கு வைத்து மியூவான் எண்ணினார்கள். பிறகு 2018-இல் மினி-ஐகால் ஓடத் தொடங்கியது. 85 டன் எடையுள்ள மின்காந்தம் அது. நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் பரப்பில் 11 அடுக்கு மெல்லிரும்புத் தகடுகள், ஒவ்வொன்றும் 56 மில்லிமீட்டர் தடிமன். இடையிலுள்ள 10 இடைவெளிகளில் ஆர்.பி.சி.கள். செப்புச் சுருளில் 900 ஆம்பியர் ஓடினால் இரும்புக்குள் ஏறத்தாழ 1.4 டெஸ்லா காந்தப்புலம் உண்டாகும்.

வேலையின் ருசி சோதனையில்தான் இருக்கிறது. புதிதாக ஒட்டிய கண்ணாடிப் பெட்டியில் லேசாக அழுத்தம் ஏற்றி மூடிவிட்டு, மானோமீட்டரில் தண்ணீர் மட்டம் இறங்குகிறதா என்று மணிக்கணக்கில் பார்க்க வேண்டும். எங்கேயாவது ஒரு பொத்தான் பசை விட்டிருந்தால் அந்த இடத்தில் கண்ணாடி மிக நுண்ணிய அளவில் உப்பும். அப்படிப்பட்ட பெட்டிக்கு மின்னழுத்தம் ஏற்றக் கூடாது. இடைவெளி மாறினால் மின்புலம் மாறும், மின்புலம் மாறினால் துடிப்பின் உயரம் மாறும். வாயுவை நன்றாக ஓடவிட்டு உள்ளிருக்கும் காற்றை முழுக்க வெளியேற்றிய பிறகே வோல்ட்டேஜை மெதுவாக ஏற்றுவோம். புதுப் பெட்டி முதலில் அதிகக் கரண்ட் இழுக்கும். பொறுமையாக விட்டால் தணியும். அவசரப்படுகிறவர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் முதல் நாளே இதைச் சொல்லிவிட்டார்கள்.

வாயுவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கலவையில் 95 சதவீதத்துக்குமேல் ஆர்-134ஏ. ஃபிரிட்ஜிலும் கார் ஏசியிலும் போடும் அதே வாயு. அதோடு 4.5 சதவீதம் ஐசோபியூட்டேன், 0.3 சதவீதம் கந்தக ஹெக்ஸாஃப்ளூரைடு. முதல் வாயு கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேலும், கடைசி வாயு இருபதாயிரம் மடங்குக்கு மேலும் பூமியைச் சூடாக்கக் கூடியவை. அதனால் வெளியே விடாமல், சுத்தம் செய்து மறுபடியும் உள்ளே அனுப்பும் சுழற்சி அமைப்பு வைத்திருக்கிறோம். இந்த அமைப்பில் ஓர் ஊசிமுனை லீக் இருந்தாலும் அதைத் தேடிக் கண்டுபிடிக்காமல் எங்களில் யாரும் வீட்டுக்குப் போக மனம் கொள்வதில்லை.

மதுரை வெயிலும் ஈரமும் எங்களுக்குத் தனிப் பாடம் எடுத்தன. வெப்பம் கூடினால் வாயுவின் அடர்த்தி குறையும். அதே 10,000 வோல்ட், கூடுதல் வோல்ட்டேஜ் ஏற்றியதுபோல நடந்துகொள்ளும். ஐப்பசி மழையில் காற்றில் ஈரம் ஏறினால், உயர் மின்னழுத்தக் கேபிள் இணைப்புகளின் மேற்பரப்பில் கரண்ட் கசியத் தொடங்கும். கசிவுகள் நானோ ஆம்பியர் அளவில்தான். அவையும் கிராஃபில் தெரியும். ஈரம் வாங்கும் எந்திரம் நின்றுபோன இரவை மறுநாள் காலை கிராஃபைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இதையெல்லாம்விடப் பெரிய எதிரி எர்த். ஒரு மியூவான் போனால் ஒன்றோ இரண்டோ பட்டைகள்தான் துடிக்கும். வரிசையிலுள்ள பட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் துடித்தால் அது மியூவான் இல்லை. வெளியிலிருந்து ஏதோ உள்ளே வருகிறது. ஒருமுறை சோதனைக் கூடத்தில் அப்படித்தான் மாலை நேரங்களில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. கூடத்திலுள்ள ஒவ்வொன்றையும் அணைத்து அணைத்துப் பார்த்தோம். விளக்கை அணைத்தோம், ஏசியை அணைத்தோம், கம்ப்யூட்டர்களையும் அணைத்துவிட்டோம். கடைசியில், புதிதாக வந்த ஒரு பவர் சப்ளையின் இரைச்சல் எர்த் வயர் வழியாக எல்லாப் பெட்டிகளுக்கும் பரவுகிறது என்று தெரிந்தது. அதைத் தனியே பிரித்து, எல்லா எர்த்தும் ஒரே புள்ளியில் சேரும்படி மாற்றிக் கட்டிய பிறகுதான் பட்டைகள் அடங்கின. எங்கள் ஊர் வயர்மேன்கள் சித்திரை வெயிலில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். கரியும் உப்பும் போட்ட குழி காய்ந்தால் எர்த் எடுக்காது என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். அந்த அறிவு எந்த ஆய்வுக் கூடத்துக்கும் குறைந்ததில்லை. அதையே நாங்கள் மீட்டர் வைத்துச் செய்தோம்.

ஊரில் என்னைக் கேட்காத ஆள் இல்லை. 2015-க்குப் பிறகு, தேனி பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து ஆய்வகம் அமைக்கும் திட்டத்துக்கு எதிராகப் போராட்டங்கள் நடந்தபோது, டீக்கடையில் ஒரு மாமா பிடித்துக்கொண்டார்.

“ஏ மாப்ள, அந்த நியூட்ரினோ வெளிய வந்தா ஊரையே பொசுக்கிருமாமே?”

“அது எப்பவும் வெளியதான் மாமா இருக்கு. சூரியன்லருந்து வந்துக்கிட்டே இருக்கு. ஒங்க நகக்கண்ணு அளவு எடத்துல செகண்டுக்கு ஆறாயிரம் கோடி போகுது. ஒண்ணும் பண்ணாது.”

“அப்ப மலைக்குள்ள எதுக்குப் போறீங்க?”

கேள்வி சரியான கேள்வி. நியூட்ரினோ எதோடும் மோதாமல் போகும். எப்போதாவது ஒன்று இரும்பு அணுவில் மோதி ஒரு மியூவானைத் தட்டிவிடும். ஆனால் வானத்திலிருந்து வரும் சாதாரண மியூவான்கள் உள்ளங்கை அளவு இடத்தில் விநாடிக்கு ஒன்று வீதம் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. எங்கள் ஒரு ஆர்.பி.சி.யின் பரப்பில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 40,000. இந்த மழைக்குள் நியூட்ரினோ தந்த ஒற்றை மியூவானைத் தேட முடியாது. தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டர் பாறை இருந்தால் மழை வெகுவாக அடங்கும். 1965-இல் கோலார் தங்கவயலில் இதைத்தான் செய்தார்கள். தரைக்குக் கீழே 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா ஆய்வு நிறுவனத்தாரும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து வைத்த கருவி, காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகப் பதிவு செய்த கருவிகளில் ஒன்று. அந்தச் சுரங்கத்தில் தலைமுறை தலைமுறையாக இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பகுதி தமிழ்த் தொழிலாளர்கள். நியூட்ரினோ வரலாற்றில் நமக்கு அப்படியொரு பங்கு உண்டு என்பதை நான் மாமாவிடம் சொன்னேன். அவருக்கு அது பிடித்திருந்தது.

பொட்டிப்புரம் திட்டம் நீதிமன்றங்களில் நின்றது. 2022-இல் தமிழ்நாடு அரசும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைத் தெரிவித்தது. என் கருத்து இதுதான்: அந்தக் கருவியில் கதிர்வீச்சு ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் மலையும் தண்ணீரும் தங்களுடையவை என்று நினைக்கிற மக்களிடம் அளவுக்கல் நடுவதற்கு முன்பே உட்கார்ந்து, அவர்கள் மொழியில் பேசியிருக்க வேண்டும். இப்போது மதுரையில் நடக்கும் வேலை வேறொரு வழியைத் தேடுகிறது. மினி-ஐகாலைச் சுற்றி ஒளிரும் பிளாஸ்டிக் பட்டைகளால் ஒரு வேலி கட்டி, மேலிருந்து வரும் மியூவான்களில் 99.99 சதவீதத்தை அடையாளம் கண்டு ஒதுக்க முடியுமா என்று பார்ப்பது. முடிந்தால் ஒரு கிலோமீட்டர் பாறைக்குப் பதிலாக நூறு மீட்டர் ஆழமே போதும் என்ற நிலை வரலாம்.

இனி நியூட்ரினோவின் எடைக்கு வருகிறேன். நியூட்ரினோவுக்கு நிறை உண்டு. மூன்று வகை நியூட்ரினோக்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறுவதைக் கண்டறிந்ததற்காக 2015-இல் கஜிட்டாவுக்கும் மெக்டொனால்டுக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். நிறையே இல்லாவிட்டால் அப்படி மாற முடியாது. ஆனால் அந்த வழியில் தெரிவது நிறைகளுக்கு இடையிலான வித்தியாசம் மட்டும். பொட்டிப்புரத்தில் 50,000 டன்னில் கட்ட நினைத்த ஐகால் கருவியும் மூன்றில் எது கனம், எது இலேசு என்ற வரிசையைத்தான் சொல்லும். அதற்காகத்தான் காந்தம்: மியூவான் எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்தால் வந்தது நியூட்ரினோவா, எதிர் நியூட்ரினோவா என்று தெரியும். ஒரு நியூட்ரினோவின் எடை இவ்வளவு என்ற எண் இதில் வராது.

அந்த எண்ணுக்கு வழி டிரிட்டியம். ஹைட்ரஜனின் கனமான வடிவம், அரை ஆயுள் 12.3 ஆண்டுகள். அது சிதையும்போது ஓர் எலெக்ட்ரானும் ஒரு நியூட்ரினோவும் ஆற்றலைப் பங்குபோட்டுக்கொண்டு கிளம்புகின்றன. மொத்தம் 18,600 எலெக்ட்ரான் வோல்ட். எலெக்ட்ரான் எவ்வளவு அள்ளிக்கொண்டாலும், நியூட்ரினோவுக்கு எடை இருந்தால் அந்த எடைக்கான பங்கை அது விட்டுக்கொடுக்காது. ஆகவே எலெக்ட்ரானின் ஆற்றல் எங்கே போய் நிற்கிறது என்று மிகத் துல்லியமாக அளந்தால் விடை கிடைக்கும். இந்த யோசனை 1934-இல் ஃபெர்மி எழுதிய கட்டுரையிலேயே இருக்கிறது. கஷ்டம் என்னவென்றால், கடைசி ஓர் எலெக்ட்ரான் வோல்ட் பகுதிக்குள் வருகிறவை பத்து லட்சம் கோடிச் சிதைவுகளில் இரண்டு மட்டுமே.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் இருக்கும் காட்ரின் கருவி இதை எலெக்ட்ரானைப் பிடித்து வடிகட்டிச் செய்கிறது. 23 மீட்டர் நீளம், 10 மீட்டர் விட்டம், 200 டன் எடையுள்ள வெற்றிடத் தொட்டி அதன் இதயம். செய்த ஊரிலிருந்து கார்ல்ஸ்ரூவுக்கு 400 கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் சாலையில் கொண்டுபோக முடியாத பருமன் என்பதால் 2006-இல் டான்யூப் ஆறு, கருங்கடல், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக், ரைன் ஆறு என்று 9,000 கிலோமீட்டர் அளவுக்குச் சுற்றிக் கொண்டுபோனார்கள். 2025-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: நியூட்ரினோவின் நிறை 0.45 எலெக்ட்ரான் வோல்ட்டைவிடக் குறைவு. எலெக்ட்ரானின் நிறை 5,11,000. அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே. இதுவும் உச்ச வரம்புதான், எடை கிடைத்துவிடவில்லை. அதைவிட மேலே போக அந்தத் தொட்டியை இன்னும் பெரிதாக்கிக்கொண்டே போக முடியாது.

அமெரிக்காவில் புராஜெக்ட் 8 என்று ஒரு குழு எடுத்திருக்கும் வழியைப் படித்தபோதுதான் என் கை வேலையை நான் வேறு கண்ணால் பார்த்தேன். 2009-இல் பெஞ்சமின் மான்ரியல், ஜோசப் ஃபார்மாஜியோ என்ற இருவர் எழுதிய யோசனை அது. எலெக்ட்ரானைப் பிடிக்காதே, தொடாதே, அது தானே பேசும், கேள் என்பதுதான் சாரம். காந்தப்புலத்துக்குள் போன எலெக்ட்ரான் வட்டமடிக்கும். எங்கள் இரும்புக்குள் மியூவான் வளைவதும் இதே விதியால்தான். அவர்கள் வைக்கும் காந்தப்புலம் எங்களுடையதைவிடக் குறைவு, சுமார் ஒரு டெஸ்லா. வளையும் மின்னூட்டம் வானொலி அலையை உமிழும். அந்தப் புலத்தில் எலெக்ட்ரான் விநாடிக்கு 2,600 கோடிச் சுற்றுகள் அடிப்பதால் அலையும் 26 கிகாஹெர்ட்ஸ். 2022-இல் நம் நாட்டில் 5ஜி ஏலம் விட்டபோது விற்ற அலைவரிசைகளில் 26 கிகாஹெர்ட்ஸும் ஒன்று.

ஆற்றலுக்கும் சுற்றுக்கும் உள்ள உறவு இப்படி: செக்கில் பாரம் கூடினால் மாட்டின் சுற்று தளர்வதுபோல, ஆற்றல் கூடிய எலெக்ட்ரான் சார்பியல் விதிப்படி கனத்துச் சற்றே மெதுவாகச் சுற்றும். ஆகவே அதிர்வெண்ணை அளந்தால் ஆற்றல் தெரிந்துவிடும். ஓர் எலெக்ட்ரான் வோல்ட் மாறினால் 26 கிகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 50 கிலோஹெர்ட்ஸ் மாறும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மத்திய அலை வானொலியில் நிலையங்களுக்கு இடைவெளி 9 கிலோஹெர்ட்ஸ். திருச்சி 936-இல், திருநெல்வேலி 1197-இல் என்று முள்ளைத் திருப்பிப் பழகிய கைக்கு 50 கிலோஹெர்ட்ஸ் பெரிய இடைவெளி. மனிதன் அளக்கும் அளவுகளிலேயே மிகத் துல்லியமானது அதிர்வெண்தான். அதனால்தான் இந்த யோசனை என்னை இழுத்தது.

ஆனால் அந்த அலையின் திறன் ஒரு ஃபெம்டோவாட். ஒரு வாட்டில் கோடியில் ஒரு பங்கு எடுத்து, அதிலும் பத்துக் கோடியில் ஒரு பங்கு எடுக்க வேண்டும். ஒற்றை எலெக்ட்ரான் வேறு என்ன கொடுக்கும்? 2014-இல் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் விரல் பருமன்கூட இல்லாத செவ்வக உலோகக் குழாய்க்குள் எலெக்ட்ரானை உமிழும் கிரிப்டான் வாயுவை வைத்து அதைக் கேட்டுவிட்டார்கள். எலெக்ட்ரான் ஓடிவிடாமல் காந்தப் பொறியில் நிறுத்தி, ஆம்ப்ளிஃபயர்களைக் கடுங்குளிரில் வைத்தார்கள். வெப்பமே இரைச்சல் என்பதால் குளிர்வித்தே ஆக வேண்டும். அறை வெப்பத்தில் அந்த ஆம்ப்ளிஃபயரின் சொந்த இரைச்சலே எலெக்ட்ரானை மூழ்கடித்துவிடும்.

2015-இல் வெளியான அந்தக் கட்டுரையின் படத்தை நான் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தேன். குறுக்கே நேரம், மேலே அதிர்வெண். சாம்பல் நிற இரைச்சலுக்கு நடுவே திடீரென ஒரு கோடு தொடங்குகிறது. லேசாக மேலேறுகிறது: அலையை உமிழ உமிழ எலெக்ட்ரான் ஆற்றலை இழக்கிறது, இழக்க இழக்கச் சுற்று வேகம் கூடுகிறது. பிறகு ஒரு தாவல்: வாயு அணு ஒன்றில் மோதியிருக்கிறது. மறுபடி ஏறுகிறது, மறுபடி தாவுகிறது, பிறகு இல்லை. ஓர் எலெக்ட்ரானின் வாழ்க்கை வரலாறு முழுவதும் அதில் இருந்தது. எங்கள் பட்டைகளில் எனக்குக் கிடைப்பது சில நானோ விநாடிகளில் ஒரே ஒரு துடிப்பு. அங்கே கிடைப்பது ஒரு கோடு. இரண்டிலும் துகளை யாரும் தொடவில்லை.

2023-இல் அவர்கள் டிரிட்டியத்தில் செய்த முதல் அளவீடு வெளியானது. நியூட்ரினோ நிறைக்கு வரம்பு 155 எலெக்ட்ரான் வோல்ட். காட்ரினோடு ஒப்பிட்டால் மிகப் பின்தங்கிய எண். இந்தத் தொழிலில் இருக்கிறவன் அந்த எண்ணை முதலில் பார்க்க மாட்டான். எலெக்ட்ரான் ஆற்றலின் முடிவெல்லைக்கு அப்பால் பொய்யாகப் பதிவானவை எத்தனை என்று பார்ப்பான். 82 நாள் ஓட்டத்தில் அப்படி ஒன்றுகூட இல்லை. அவர்கள் இரைச்சலை ஜெயித்துவிட்டார்கள் என்று அர்த்தம். வரம்பைக் குறைப்பது இனி அளவைக் கூட்டும் வேலை: பெரிய கன அளவு, மூலக்கூறாக இல்லாமல் தனி அணுவாகப் பிரித்த டிரிட்டியம். இலக்கு 0.04 எலெக்ட்ரான் வோல்ட். அதற்கு இன்னும் பல ஆண்டுகள் ஆகும். அவர்கள் போய்ச் சேர்வார்கள் என்றே நான் நம்புகிறேன்.

இன்னொரு விஷயம். மதுரை பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறது. இங்கே கிழக்கிலிருந்து வரும் மியூவான்களைவிட மேற்கிலிருந்து வருகிறவை அதிகம். வானத்துப் புரோட்டான்களைப் பூமியின் காந்தம் வளைப்பதால் வரும் வித்தியாசம் அது. நம் 12 அடுக்குக் கருவியே இதை அளந்தது; அந்த அளவீடு ஆய்வுக் கட்டுரையாகவும் வந்தது. சமயநல்லூர் மொட்டை மாடியில் நின்றாலும் அதே வித்தியாசம்தான்.

மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கம் பாலிடெக்னிக்கிலும் கல்லூரியிலும் எலெக்ட்ரானிக்ஸ் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காஸ்மிக் வாட்ச் என்று கையடக்க மியூவான் கருவி ஒன்று உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாணவர்களுக்காக உருவாக்கியது. ஒரு துண்டு ஒளிரும் பிளாஸ்டிக், ஒரு சிலிக்கன் ஒளி உணரி, ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு ஆர்டுயினோ. ஏறத்தாழ நூறு டாலர் செலவு. சர்க்யூட்டும் மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கின்றன. இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்குக் கடையில் ரெடிமேடாக வாங்கிக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, ஒரு குழுவுக்காவது இதைக் கொடுங்கள். பிள்ளைகள் தாங்களே சால்டரிங் வைத்து, தாங்களே எர்த் பார்த்து, தாங்களே இரைச்சலைத் தேடட்டும். கருவி தயாரானதும் அதை மேற்கே சாய்த்து ஒரு வாரம், கிழக்கே சாய்த்து ஒரு வாரம் எண்ணச் சொல்லுங்கள்.